பெருந்தீனி என்னும் பெயர்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டினர். தமிழாசிரியர் ஆதலின் சங்க இலக்கியத்துள் ஒரு துறையையோ, எம் கல்லூரி தமிழுக்கு ஆற்றிய தொண்டினையோ பற்றி யாம் எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ பனிநாட்டு விலங்கொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். இத்துணிவுக்குக் காரணம் உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவோம். அதுகாறும் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் மரபுப் பெயர்கள் பற்றிய பாடம் நிகழ்ந்தது. யானைக்குக் கன்று, சிங்கத்துக்குக் குருளை, புலிக்குப் பறழ் என யாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டு போகையில், பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "வுல்வரின்ரை குட்டிக்கு என்ன பேர், சேர்?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களுக்கு வுல்வரின் என்றால், கைவிரல்களின் இடையே உருக்கு நகங்கள் நீளும் திரைப்பட வீரன் ஒருவனே. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக் கதையொன்றிற் பிறந்து, பின்னர் வெள்ளித்திரைக்கு வந்தவன் அவன். கேட்ட மாணவனோ சிரிக்கவில்லை. "அது ஆளில்லை சேர், மிருகம். கனடாவிலை இருக்கிற மாமா சொன்னவர்" என்றான். எமக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுவோம்" என்று ஆசிரியர் குலத்துக்கே உரிய பழைய உபாயத்தைக் கையாண்டு தப்பினோம்.

அம்மாணவனின் மாமனார் எம் கல்லூரியின் பழைய மாணவர். கனடாவின் வடபால் யெல்லோநைப் நகரில் தொழில் புரிபவர். மருமகன் வாயிலாக எம் வினா அவரை எட்டியது. பத்து நாளில் நீண்டதொரு மடல் எழுதினார். உறைந்த ஏரியொன்றின் மேல் வரிசையாய்ச் செல்லும் அடிச்சுவடுகளின் படமொன்றையும் உடன் அனுப்பினார். பன்னீராண்டு அந்நிலத்தில் வாழ்ந்தும் அவ்விலங்கைத் தாம் ஒரே ஒரு முறைதான், அதுவும் வெகு தொலைவில், கரும்புள்ளி ஒன்று வெண்பனியைக் கடந்து போவது போலக் கண்டதாக எழுதியிருந்தார். அம்மடல் எம்மைத் தூண்டியது. அதன்பின் நூல்களைத் தேடிக் கற்றோம். கற்றவற்றுட் சிலவற்றையே ஈண்டுத் தருகின்றோம்.

வுல்வரினைக் கரடி என்று எண்ணுவாரும் ஓநாய் என்று எண்ணுவாரும் உளர். இரண்டும் அன்று. அது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் இலங்கையில் வாழ்வது நீர்நாய் ஒன்றே. ஆகவே நம் ஆறு குளங்களில் மீன் பிடித்துத் திரியும் அவ்வெளிய உயிர், வடதுருவத்தை அடுத்த காடுகளில் உலவும் இம்முரட்டு விலங்குக்கு உறவினன் என்க. நீரில் வாழ்வனவற்றை நீக்கிப் பார்த்தால் அக்குடும்பத்துள் உடலாற் பெரியது வுல்வரினே. பெரியது என்றவுடன் புலியளவு எனக் கருதற்க. ஆண் பெரும்பாலும் 11 முதல் 18 கிலோகிராம் வரை நிறையுடையது. பெண் அதனினும் மெலிது. தோளளவு உயரம் அரை மீற்றரைக்கூட எட்டுவதில்லை. நம் ஊர்த் தெருநாய் ஒன்றின் நிறையே அதன் நிறை என்றால் மிகையாகாது.

ஆயினும் அவ்வுடல் அமைந்த திறம் வியக்கத்தக்கது. கால்கள் குட்டையானவை, தோள்கள் திரண்டவை, தலை அகன்றது, செவிகள் சிறியனவாய் வட்டமாய் மயிருள் ஒடுங்கியவை. நிறம் கருங்கபிலம். இரு விலாப்புறங்களிலும் தோளிலிருந்து வாலின் அடிவரை வெளிறிய பட்டையொன்று ஓடும். கழுத்திலும் மார்பிலும் வெண்மறுக்கள் உண்டு. அம்மறுக்கள் ஒன்றற்கிருப்பது போல மற்றொன்றற்கு இருப்பதில்லை ஆதலின், ஆய்வாளர் தானியங்கிக் கமராக்களில் அவற்றைப் படம்பிடித்து, இது இன்ன விலங்கு எனப் பிரித்தறிகின்றனர். ஒவ்வோர் அடியும் ஐவிரலுடையது. உடலளவை நோக்க அடி மிகப் பெரிது. நிலத்தில் ஊன்றும்போது அது விரிந்து பரவுவதால், மான்கள் மார்பளவு புதையும் மென்பனியின் மேலும் இவ்விலங்கு புதையாது நடக்கின்றது. அதன் மயிரில் உறைபனி படிந்தாலும் உதறிவிட எளிதில் உதிர்ந்துவிடும். இதனாலன்றோ வடபுலத்து இன்யுவிட் மக்கள், மூச்சுக்காற்றுப் பட்டு உறையக்கூடிய தலைமூடியின் விளிம்புக்கு இவ்வுரோமத்தையே விரும்பித் தைத்து வந்தனர்.

இனி அதன் பெயரை நோக்குவோம். தமிழாசிரியருக்கு விலங்கினும் விலங்கின் பெயரே முதலிற் கண்ணிற் படும். இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1758ஆம் ஆண்டில் இதற்கு இலத்தீனிற் பெயரிட்டபோது, 'குலோ' என்னும் சொல்லை வழங்கினார். குலோ என்றாற் பெருந்தீனிக்காரன். இன்று அதன் அறிவியற் பெயர் 'குலோ குலோ'. ஒரு முறை வைதது போதாதென்று இரு முறை வைதபடி. செருமானியர் இதனை அழைக்கும் பெயர்க்கும் மிகுதியாய்த் தின்பது என்பதே பொருள். ஆனால் அச்செருமானியப் பெயர், மலைப்பூனை என்று பொருள்படும் வடநாட்டுச் சொல்லொன்றைச் செவிதவறிக் கேட்டதனாற் பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். மலைப்பூனை பெருந்தீனியாயிற்று. ஒரு சொல் எல்லை கடந்து போகையில் ஓர் உயிரின் மானமும் உடன் போயிற்று.

பெயரைத் தொடர்ந்து கதையும் வந்தது. ஒலாவுசு மாக்னுசு என்னும் சுவீடன் குருவானவர் 1555ஆம் ஆண்டில் உரோமாபுரியில் வெளியிட்ட நூலில், இவ்விலங்கு பிணத்தை வயிறு புடைக்கத் தின்று, பின்னர் நெருங்கிய இரு மரங்களுக்கிடையே உடலை நெருக்கிப் புகுத்தி வயிற்றை வெறுமையாக்கி, மீண்டும் தின்ன வரும் என்று எழுதினார். இவ்வாறு அது செய்வதில்லை. ஆயினும் கதை சுவையானது; ஆதலின் நூற்றாண்டுகள் வாழ்ந்தது. கேட்டதை ஆராயாது எழுதியவர் ஒருவர். எழுதியதை ஆராயாது நம்பியவர் ஆயிரவர்.

உண்மையில் அது உண்பது யாது? கிடைப்பதை உண்கின்றது. ஓநாயும் லிங்சு என்னும் காட்டுப்பூனையும் கொன்று தின்று எஞ்சவிட்ட கலைமான், பனிச்சரிவில் அகப்பட்டு மாய்ந்த மலையாடு, குளிரில் வீழ்ந்த மூசு என்னும் பெருமான் ஆகியவற்றின் உடல்களை மோப்பத்தால் அறிந்து, ஆழ்ந்த பனியைத் தோண்டியும் எடுத்துவிடும். கோடையில் நில அணில், மார்மொட்டு, முயல், எலியினங்கள், பறவை முட்டை, காட்டுப்பழங்கள் என்பனவும் அதற்கு உணவாகும். வாய்ப்பு நேரின் தன்னிற் பன்மடங்கு பெரிய கலைமானையும் வீழ்த்தும். மான் ஆழ்பனியிற் புதைந்து திணறும் நேரமே அதற்கு ஏற்ற நேரம். அதன் மேற்கடைவாய்ப் பல் ஒன்று உட்புறமாகத் திரும்பி அமைந்துள்ளது. அப்பல்லாலும் வலிய தாடையாலும், கல்லென உறைந்த ஊனைக் கிழிக்கவும் எலும்பை நொறுக்கவும் வல்லது. ஏனைய விலங்குகள் உணவன்று எனக் கழித்துவிட்டுப் போன எலும்பே இதற்கு உணவாதலும் உண்டு.

இங்குத்தான் பெருந்தீனி என்னும் பெயரின் பிழை வெளிப்படுகின்றது. வுல்வரின் கிடைத்ததெல்லாவற்றையும் ஒருங்கே தின்றுவிடுவதில்லை. பெரும் பகுதியைத் துண்டாக்கி இழுத்துச் சென்று பனியுள்ளும், பாறை இடுக்கிலும், குளிர்ந்த சதுப்பு மண்ணிலும் புதைத்து வைக்கின்றது. இதனை ஆராய்ந்தோர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்து எம் சிந்தையைக் கவர்ந்தது. கோடையில் ஊனைப் புழுவும் நுண்ணுயிரும் அழித்துவிடும். குளிர்ந்த இடத்திலோ அவை வெல்லமாட்டா. ஆகவே பனி இதற்குக் களஞ்சியம். குளிர்சாதனப் பெட்டியை மனிதன் காணுமுன்னரே இவ்விலங்கு கண்டுவிட்டது எனலாம். பெண் வுல்வரின் பறழ் ஈன்று பாலூட்டும் காலமோ மாசி பங்குனி மாதங்கள். அப்பொழுது புதிய இரை அரிது. முன்னர்ப் புதைத்து வைத்ததே தாயையும் அதன் வழியே மகவையும் காக்கின்றது. எனவே அது கவர்வதும் காவிச் செல்வதும் ஒளிப்பதும் பேராசையால் அல்ல. வரப்போகும் வறுமையை நினைந்தே என்பது தெளிவு.

மேலே பறழ் என்றோம். மாணவனின் வினாவுக்கு யாம் கண்ட விடை அதுவே. தொல்காப்பியத்து மரபியல் மூங்கா, வெருகு, எலி, அணில் முதலியவற்றின் இளமைக்குக் குட்டி எனவும் பறழ் எனவும் பெயர் வழங்க இடந்தருகின்றது. அவற்றோடு தோற்றத்தால் ஒத்த இப்பனிநாட்டு உயிரையும் அவ்வரிசையிற் சேர்ப்பதில் இழுக்கில்லை என்று வகுப்பிற் கூறினோம். மாணவன் மகிழ்ந்தான்.

தாய் ஆழ்ந்த பனியைக் குடைந்து நீண்ட சுரங்க வழிகள் அமைத்து, அதன் அடியில், வீழ்ந்த மரத்தின் கீழோ பாறைகளின் நடுவிலோ, பறழ்களை ஈனுகின்றது. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பறழ்கள். அவை பிறக்கும்போது வெண்ணிறமானவை. கூடல் நிகழ்வது கோடையில். ஆயினும் கரு உடனே வளர்வதில்லை. மாதக்கணக்காய் வாளாவிருந்து, குளிர்காலத்திலேயே கருப்பையிற் பதிந்து வளரத் தொடங்கும். தந்தை மகவை நோக்காது என்றே நெடுங்காலம் கருதினர். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவில், கழுத்துப்பட்டியிற் கருவி பொருத்தி ஆராய்ந்தவர்கள், தந்தை தன் மகவுகள் இருக்குமிடத்துக்கு மீண்டும் மீண்டும் வருதலையும், வளர்ந்த மகவு தந்தையோடு கூடித் திரிதலையும் கண்டனர். இரக்கமற்றது எனப் பெயர் வாங்கிய விலங்கின் இல்வாழ்க்கை இது.

அதே பூங்காவில் ஆராயப்பட்ட ஆண் ஒன்று, கடுங்குளிர் காலத்தில் கிளீவ்லாந்து மலையின் இறுதி 1,500 மீற்றர் உயரத்தை 90 நிமிடத்தில் ஏறி உச்சியைக் கடந்தது. இன்னொன்று 2009ஆம் ஆண்டில் வயோமிங் மாநிலத்திலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் நடந்து கொலராடோவை அடைந்தது. அம்மாநிலத்தில் 1919ஆம் ஆண்டுக்குப் பின் உறுதியாய்க் காணப்பட்ட முதல் வுல்வரின் அதுவே. துணை தேடியோ, நிலம் தேடியோ அது நடந்தது, துணை அங்கில்லை. 2016ஆம் ஆண்டில் வட டகோட்டாவின் மேய்ச்சல் நிலமொன்றிற் சுடப்பட்டு மாண்டது.

மிச்சிகன் மாநிலத்தின் வரலாற்றையும் ஆசிரியர் என்ற முறையிற் சொல்லாது விட மனம் ஒப்பவில்லை. அம்மாநிலத்துக்கு வுல்வரின் மாநிலம் என்றே பட்டப்பெயர். எனினும் இருநூறு ஆண்டுகளாய் அங்கே அவ்விலங்கை உறுதியாய்க் கண்டார் இலர். 2004ஆம் ஆண்டில் ஒன்று தோன்றியது. அவ்வட்டாரத்துப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஜெப் போர்ட் என்பவர், கமராக்களைக் காட்டில் நிறுத்தி, ஆண்டுக்கணக்காய் அதனைப் பின்தொடர்ந்து படம்பிடித்தார். அது தன்னந்தனிப் பெண் விலங்கு. 2010ஆம் ஆண்டில் இயற்கையாய் மாண்டு கிடந்தது. தம் ஊரிலே ஒரே ஒரு விலங்கு. தம் ஓய்வு நேரமெல்லாம் அதற்கே. கேள்விப்பட்டதை எழுதிய குருவானவரையும் கண்டதை எழுதிய ஆசிரியரையும் ஒப்பிட்டு யாம் பலநாள் சிந்தித்தோம்.

இன்று இவ்விலங்குக்கு நேர்ந்த இடர் பனியின் குறைவே. பொறியும் நஞ்சும் 1920களளவில் அமெரிக்காவின் தென்பகுதி மலைகளிலிருந்து இதனை ஏறத்தாழ அழித்துவிட்டன. பின்னர் வடக்கிலிருந்து மெல்ல மீண்டது. அலாஸ்காவை நீக்கி நோக்கின் அந்நாட்டில் ஏறத்தாழ 300 மட்டுமே இருத்தல் கூடும் எனக் கணிக்கின்றனர். 2023ஆம் ஆண்டில் அவை சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. சுவீடனில் 1996ஆம் ஆண்டு தொடங்கி வேறொரு வழி கையாளப்படுகின்றது. கலைமான் வளர்க்கும் சாமி மக்களுக்கு, இறந்த மானுக்கு ஈடு கொடுப்பதை விடுத்து, அவர்தம் நிலத்தில் வுல்வரின் ஈன்றதற்குப் பணம் கொடுக்கின்றனர். பகையெனக் கருதப்பட்டதன் பிறப்பு நன்மையாக எண்ணப்படுகின்றது. அறிவுடையார் செயல் இதுவன்றோ!

இனி, முதலிற் கூறிய காரணத்துக்கு வருவோம்.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து வந்து இரண்டாண்டும் ஆகாத காலத்தில், கல்லூரி விடுதியின் மேற்பார்வையில் எமக்கும் பங்கிருந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏ9 வீதி மூடப்பட்டது. குடாநாட்டில் மாவும் சீனியும் எண்ணெயும் அரிதாயின. வன்னியிலிருந்து வந்து விடுதியிற் படித்த பிள்ளைகள் வீடு செல்ல வழியின்றி நின்றனர். அவர்களுள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உணவறையில் விரைந்து உண்பான், மீண்டும் கேட்பான், எழும்போது பாண் துண்டொன்றைச் சட்டைக்குள் மறைப்பான். ஒருநாள் அனைவர் முன்னிலையிலும், "என்னடா பெருந்தீனி, இன்னும் நிரம்பேல்லையோ?" என்றோம். நகைச்சுவை என்றே எண்ணினோம். உணவறை சிரித்தது. அன்றுதொட்டு அவன் இயற்பெயரை யாரும் சொல்லவில்லை. விளையாட்டிடத்திலும் வகுப்பிலும் அவன் பெருந்தீனியே ஆனான்.

இரு மாதம் சென்றபின், விடுதி துப்புரவு செய்த நாளில், அவனது தகரப் பெட்டியைத் திறக்கச் செய்தோம். உள்ளே பழைய புதினத்தாளிற் பொதிந்து அடுக்கிய பாண் துண்டுகள் இருந்தன. வெயிலிற் காய்ந்து கல்லாயிருந்தன. "இது என்னத்துக்கு?" என்றோம். அவன் எம் முகத்தைப் பார்க்கவில்லை. "பாதை திறந்தவுடனை நடந்தெண்டாலும் வீட்டை போகோணும் சேர். வழியிலை சாப்பிட" என்றான்.

யாம் பெட்டியை மூடினோம். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது முறையன்று என அக்காலத்தில் எண்ணியிருந்தோம். அவன் உண்டவை மிகுதி என்று கண்ட எம் கண்ணுக்கு, அவன் உண்ணாது வைத்தவை தெரியவில்லை. மறுநாள் அவனை இயற்பெயரால் அழைத்தோம். ஆனாற் பெயரிட்டவர் திரும்பப் பெறினும் இட்ட பெயர் திரும்புவதில்லை. அடுத்த ஆண்டு உறவினர் ஒருவர் வந்து அவனை அழைத்துச் சென்றார். அதன்பின் 2009ஆம் ஆண்டின் பேரழிவு வந்தது. அவனைப் பற்றிய செய்தி இன்றுவரை எமக்கு எட்டவில்லை.

யெல்லோநைப்பிலிருந்து வந்த மடலில், பனியுள் உணவைப் புதைக்கும் வழக்கத்தைப் படித்த இடத்தில் அத்தகரப் பெட்டி எம் கண்முன் வந்தது. அன்று தொடக்கம், வகுப்பில் எந்த மாணவனுக்கும் பட்டப்பெயர் வைப்பதில்லை என்னும் விரதம் பூண்டோம். பிறர் வைத்தாலும் யாம் வழங்குவதில்லை. இருபதாண்டுக்கு முன்னரே பூண்டிருக்க வேண்டியது.

அம்மாணவன் உயிரோடிருப்பின் இன்று முப்பது வயது கடந்த ஆடவர். எம் கல்லூரி மலர்கள் கடல் கடந்தும் செல்வன. இம்மலர் அவர் கையிற் கிடைக்குமாயின், இக்கட்டுரையைத் தமக்கு எழுதிய மடலாகவே அவர் கொள்வாராக. அவர் பெயரை ஈண்டு எழுதாது விட்டோம். அதனை அச்சிற் பொறிக்கும் உரிமை எமக்கில்லை. ஆயினும் வரவுப் பதிவேட்டில் அது எந்த வரியில் இருந்தது என்பது எமக்கு நினைவிருக்கின்றது. அவர் ஒருநாள் எம் கல்லூரி வாயிலில் வந்து நிற்பாராயின் அப்பெயர் சொல்லியே அழைப்போம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!